கிராவல் பாதையில் பனி தள்ள ஒரு பிளேடு

நான் கனடாவுக்கு டிராக்டர் ஏற்றுமதி செய்தவள் என்று மதுரையில் எங்கள் சிம்மக்கல் கடையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்புகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், அம்புட்டுப் பெரிய வண்டிய எந்தக் கப்பல்ல அனுப்புனீங்க?" என்று கேட்டாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள்கூட சாம்பாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். இப்படியே விட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குள் கப்பலை ஓட்டியதே நான்தான் என்று ஆகிவிடும். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கனடாவுக்கு நான் ஒரு போல்ட்டைக்கூட அனுப்பவில்லை. ஆனால் என் வேலைக்காலத்தில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டதும், அதிகம் சிரித்ததும் அந்தக் கனடா வேலைக்காகத்தான்.

எங்கள் வீடு மகால் பக்கம். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா தறி நெய்தார், அண்ணன்கள் ஜவுளிக் கடைக்குப் போனார்கள். நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கருவிகளை விற்கும் கடையில் பில் போடச் சேர்ந்தேன். கலப்பை, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், பிளேடு, டிரெய்லர் எல்லாம் அங்கே உண்டு. "ஊரில் சேலைக் கடையே இல்லையா?" என்று அம்மா எங்கள் மொழியில் கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். எனக்கோ, பார்க்காத பொருளுக்குப் பில் போடப் பிடிக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டு யார்டுக்குப் போய், இது எதற்கு, அது எப்படித் திரும்பும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்டுக் கேட்டே ஒருநாள் பில் மேசையிலிருந்து விற்பனைக்கு வந்துவிட்டேன். படித்தது, பழகியது எல்லாம் அவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் வேலுச்சாமி சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் எதையும் விற்று நான் பார்த்ததில்லை. விசாரிப்பார். "ரோட்டவேட்டர் வேணும்" என்று ஒருவர் உள்ளே வந்தால், மற்ற கடையில் உடனே ரோட்டவேட்டரைக் காட்டுவார்கள். இவர் நாற்காலியைக் காட்டுவார். மண் கரிசலா செம்மண்ணா, தண்ணீர் நிற்குமா வடியுமா, வண்டி என்ன வண்டி என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில், "ஓட்டப் போறது யாருங்க?" என்பார். பலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். அவர் அசைய மாட்டார். குரலும் உயராது.

பதிலில் திருப்தி இல்லையென்றால் தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த நிலத்துக்கே போய்விடுவார். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். குதிகாலை அழுத்திப் பார்ப்பார். முதல்முறை அவரோடு போனபோது, சாருக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"செருப்போட நடந்தா மண்ணு ஒண்ணும் சொல்லாதும்மா," என்றார்.

அன்று முதல் நானும் கழற்றினேன். நெருஞ்சி முள் குத்தினாலும் கழற்றினேன்.

பேச்சியம்மாள் எங்கள் கடைக்கு முதன்முதலில் வந்தது ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு. அலங்காநல்லூருக்கு வடக்கே அவளுடைய ஊர். கூட வந்த கணவர் கருப்பையாவுக்கு எங்கள் ஆள் ஒருவர் நாற்காலி போட்டு, விசிறியைத் திருப்பிவிட்டு, பிளேடுகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். கருப்பையா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"அண்ணே, எனக்கு மாடு மேய்க்கத்தான் தெரியும். வண்டி அவ ஓட்டுறது. அவகிட்டச் சொல்லுங்க."

பேச்சியம்மாள் அதற்குள் யார்டில் ஒரு பிளேடுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவளும் கருப்பையாவும் குத்தகைக்கு விவசாயம் பார்த்து, ஆடு வளர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நிலம் வாங்கி, பிறகு பழைய டிராக்டர் ஒன்றும் வாங்கியிருந்தார்கள். சம்பளத்துக்கு வைத்த டிரைவர் வாரத்தில் பாதி நாள் வரவில்லை என்பதால் அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். இப்போது ஊருக்கெல்லாம் அவள்தான் உழுகிறாள்.

அவளுக்கு வந்த பிரச்சினை இதுதான். மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் தெருவுக்குப் போகும் நீண்ட மண்பாதைக்குப் பல வருடம் மனுக் கொடுத்து, அந்த ஆண்டுதான் கிராவல் என்கிற செஞ்சரளைக் கல் அடித்திருந்தார்கள். அடித்த வேகத்தில் மழை கொட்டிக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து, பாதை நெடுக முழங்கால் உயரத்துக்கு வண்டலைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஸ்கூல் வேன் உள்ளே வருவதில்லை.

"சேறு போகணும் மேடம், கிராவல் போகக்கூடாது," என்றாள். "அத இன்னொரு தடவ வாங்க எங்களுக்கு ஆயுசு பத்தாது."

மறுநாள் சார், நான், எங்கள் ஒர்க்‌ஷாப் வெல்டர் சிக்கந்தர் பாய் மூவரும் ஒரு பிளேடை ஏற்றிக்கொண்டு போனோம். பிளேடு என்றால், டிராக்டர் பின்னால் குறுக்காகத் தொங்கும் வளைந்த இரும்புத் தகடு. இழுத்துக்கொண்டு போனால் மண்ணை வழித்து ஓரத்தில் தள்ளும். பேச்சியம்மாள் ஓட்டினாள். சேறு அழகாக வழிந்து போனது. கூடவே கற்களும் போயின. அவள் வண்டியை நிறுத்தி இறங்கி, ஓரத்தில் விழுந்த கற்களை மடியில் பொறுக்கி வந்து பாதையில் திரும்பப் போட்டாள்.

பிளேடை உயர்த்திப் பிடித்தால் சேறு தங்கியது. இறக்கினால் கல் வந்தது. சிக்கந்தர் பாய் வெகுநேரம் அதன் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கத்தி மாதிரி இருக்கு சார். கத்திக்குக் கல்லு, சேறு வித்தியாசம் தெரியாது. இத மழுக்கிப்புடுவோமா?"

ஒரு இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, அந்தக் கீறலைப் பிளேடின் விளிம்பில் செருகி, கழன்றுவிடாமல் போல்ட் போட்டார். கூரான விளிம்பு இப்போது உருண்டையாகிவிட்டது. பேச்சியம்மாள் மறுபடி ஓட்டினாள். குழாய் கற்களின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போனது, சேறு மட்டும் ஒதுங்கியது. மண்ணுக்கு அடியிலிருந்து செக்கச்செவேலென்று கிராவல் முகம் காட்டியபோது தெருவே கைதட்டியது. அன்றிலிருந்து நான் அவளுக்கு மேடம் இல்லை, யக்கா.

வருடங்கள் ஓடின. வேலுச்சாமி சார் ஓய்வு பெற்று, அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். பேச்சியின் மகள் தமிழரசி நர்சிங் படித்து, சரவணன் என்ற பையனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனாள். எனக்கு ஓய்வு நெருங்கிய காலத்தில், ஒரு ஆடி மாதத்து மத்தியானம், வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்த நேரத்தில், பேச்சி கடைக்குள் நுழைந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, பனி அள்ளுறதுக்கு என்ன வச்சிருக்கீக?"

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

தமிழரசி கர்ப்பமாக இருந்தாள். பிரசவம் தை மாதம். பேச்சி பேறுகாலம் பார்க்கக் கனடா போகிறாள். பிரசவத்தைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. பாதையைப் பற்றித்தான் பயம். மகளும் மருமகனும் ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே நீளமான பாதை. அதுவும் கிராவல் பாதை. ரோட்டில் கிடக்கும் பனியை அரசாங்க வண்டி வந்து தள்ளிவிடும். வீட்டுப் பாதையை அவரவர்தான் தள்ள வேண்டும். போன குளிர்காலத்தில் கூலிக்கு வந்த ஆள் வசதிப்பட்ட நேரத்தில் வந்து, பனியோடு சேர்த்துக் கிராவலையும் புல்வெளியில் வாரி இறைத்துவிட்டான். இந்த வருடம் அவனும் ஊரை விட்டுப் போய்விட்டான். வீட்டோடு சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் எதை மாட்டுவது?

"வலி வந்து, பனி பெஞ்சு கெடந்தா எப்படி யக்கா ஆஸ்பத்திரி போறது? தூக்கிக்கிட்டா போக முடியும்?"

நான் சிரிப்பதை நிறுத்தி, அவளுக்கு நாற்காலியைக் காட்டினேன்.

அன்று சாயங்காலம், அங்கே விடிந்த பிறகு, வீடியோவில் தமிழரசி வந்தாள். "பெரியம்மா, பாருங்க," என்று போனைப் பிடித்தபடி பாதையில் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். எங்கள் கடை வாசலிலிருந்து வடக்குமாசி வீதிக்குப் போகிற தூரம் இருக்கும். கோடைக்காலம் ஆதலால் இருபுறமும் பச்சைப் புல். இதில் பனியை நான் எங்கே போய்ப் பார்ப்பது? செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க முடியாத நிலம் என் வேலையில் அதுதான் முதல்முறை.

"பனி எப்படி இருக்கும் கண்ணு? பஞ்சு மாதிரின்னு சொல்லாத. தள்ளுனா என்ன செய்யும், சொல்லு."

அவள் யோசித்தாள். விவசாயி மகள் இல்லையா, சரியாகச் சொன்னாள். "புதுசா விழுந்தா உமி மாதிரி பெரியம்மா. காத்தடிச்சா பறக்கும். ஒருநாள் கெடந்தா ஈர மணல். ஓரத்துல தள்ளி வச்சது உறைஞ்சா சிமெண்ட்டு."

சரவணன் ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார். பனியை உறிஞ்சிக் குழாய் வழியாகத் தூரத்தில் வீசும் ஊதுபொறி. டிராக்டர் என்ஜினின் சுழற்சியில் ஓடும். அவர் சொன்ன காரணமும் நல்ல காரணம்தான். "மேடம், பிளேடு ஓரத்துலதானே ஒதுக்கும்? மாசம் பூரா விழுந்துக்கிட்டே இருந்தா ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி ஏறி, கடைசில கார் போற அகலமே இருக்காது. ஊதுபொறின்னா தூக்கி எறிஞ்சிரும்."

பேச்சிக்குப் பிளேடுதான். கை பழகிய கருவி. மருமகனை எதிர்த்துப் பேசவும் தயக்கம். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவகாசம் கேட்டேன். அந்த வாரம் முழுக்க, பனி தள்ளும் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளினேன். மதுரை வெயிலில் பஸ்ஸில் உட்கார்ந்து பனிப்புயல் பார்த்துக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஊதுபொறி எப்படி வேலை செய்கிறது என்று புரியப் புரிய மூன்று விஷயம் உறுத்தியது. ஒன்று, கல். கிராவல் பாதையில் அது பனியோடு கல்லையும் விழுங்கும். விழுங்கிய கல்லைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி வீசும், இல்லையென்றால் உள்ளே போல்ட்டை முறிக்கும். இன்னொன்று, பின்னால் மாட்டும் ஊதுபொறி என்றால் பாதை நெடுகக் கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும். மூன்றாவது, வேகம். கனத்த பனியில் அது எறும்பு ஊர்வதைப் போல ஊர வேண்டும். அந்தப் பழைய வண்டியால் முடியுமா?

வேலுச்சாமி சாருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டியோட நடந்து பாக்கச் சொல்லும்மா," என்றார்.

சரவணன் நல்ல பிள்ளை. கேட்டதும் செய்தார். முதல் கியரில் வண்டியைப் போட்டு, ஊதுபொறிக்கு வேண்டிய வேகத்துக்கு என்ஜினை ஏற்றித் தமிழரசியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நடந்தார். நடந்தவர் ஓட ஆரம்பித்ததை நாங்கள் வீடியோவில் பார்த்தோம். மூச்சிரைக்க வந்து, "இது ஊராது மேடம்," என்று அவரே சொன்னார்.

அப்படியானால் பிளேடா? ஓரத்துச் சுவர் பற்றிய அவர் கேள்வி அப்படியே நின்றது. பேச்சிதான் வழி சொன்னாள். "உமின்னுதானே சொன்னா? உமிய வச்சு ஓட்டிப் பாத்துருவோம் யக்கா."

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு அலங்காநல்லூர்ப் பாதையில் அரிசி ஆலை. முற்றம் முழுக்க கிராவல், பின்னால் மலை மாதிரி உமி. ஞாயிற்றுக்கிழமை போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கனடாவுக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவரே ஆட்களைக் கூப்பிட்டு, முற்றத்தில் நீளமாக உமியைப் பரப்பச் சொன்னார். சிக்கந்தர் பாய் குழாய் செருகிய பிளேடோடு வந்தார். வேலுச்சாமி சாரும் ஆட்டோவில் வந்து இறங்கினார். இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு உமிக்குள் நடந்தார். கணுக்கால் வரை உள்ளே போனது.

"கிச்சுக்கிச்சு மூட்டுதும்மா," என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தமிழரசியும் சரவணனும் போனில் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சி ஓட்டினாள். பிளேடை ஒரு முனை பின்தங்கும்படிச் சாய்த்து வைத்ததும் உமி அலை மாதிரி சுருண்டு ஓரத்தில் ஒதுங்கியது. அடியில் ஒரு கல்லும் அசையவில்லை. நாங்கள் குதித்தோம். மறுபடி உமி பரப்பினோம், மறுபடி தள்ளினாள். நான்காவது, ஐந்தாவது முறை வந்தபோது ஓரத்துக் குவியல் ஏறி, சரிந்து, பாதைக்குள்ளேயே வழிய ஆரம்பித்தது. டிராக்டரின் டயர் குவியலை உரசியது.

"பாத்தீங்களா மேடம், இதத்தான் சொன்னேன்!" என்று போனிலிருந்து சரவணன் கத்தினார்.

"மாப்ள சொல்றதுதான் சரி," என்றாள் பேச்சி. வண்டியில் உட்கார்ந்தபடியே குவியலை முறைத்தாள். "அப்பக் குவியல இங்க வைக்கக்கூடாது. முதல் நாள்லேருந்தே தள்ளிக் கொண்டுபோய் அங்கிட்டு வைக்கணும்." பாதையை விட்டு நாலு ஆள் அகலம் தள்ளிக் கையைக் காட்டினாள். "வரப்பு போடும்போது பின்னால எடம் விட்டுப் போடுறதில்லையா, அதுதான்."

அப்படித்தான் முடிவானது. சாய்க்கவும் முடிய வேண்டும், ஒரு பக்கமாக நகர்த்தி வைக்கவும் முடிய வேண்டும், அந்த மாதிரிப் பிளேடு. சாய்த்த பிறகும் இரண்டு டயரின் தடத்தையும் மூடும் அகலம். விளிம்பில் கீறிய குழாய். பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி. முதல் பனியிலிருந்தே, கார் போகத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குத் தள்ளுவது. எல்லாம் வெள்ளையாக மூடிக்கிடக்கும்போது பாதையின் விளிம்பு எது என்று தெரியாதே என்று நான் கேட்க, நிலம் உறைவதற்கு முன்பே இருபுறமும் குச்சிகள் நட்டுவிடுவதாகச் சரவணன் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. ஆலை முற்றத்தில் இருந்த உமி மொத்தமும் எழும்பி எங்கள் மேல் இறங்கியது. சாரின் வழுக்கையில் உமி, பாயின் தாடியில் உமி, என் கொண்டைக்குள் உமி. "பனி பெய்யுது, பனி பெய்யுது!" என்று தமிழரசி அங்கிருந்து கைகொட்டிச் சிரித்தாள். வீட்டுக்குப் போன பிறகும் மூன்று நாள் தலையிலிருந்து உமி உதிர்ந்துகொண்டே இருந்தது.

பிளேடை அவர்கள் அங்கேயே பழையதாக ஒன்று பார்த்து வாங்கினார்கள். டிராக்டரின் பின்பக்கம் கருவி மாட்டும் மூன்று புள்ளிகள் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சிக்கந்தர் பாய் குழாயை எப்படிக் கீறுவது, எங்கே போல்ட் போடுவது என்று படம் பிடித்து அனுப்ப, அங்கே ஒரு வெல்டர் அதைப் பார்த்துச் செய்து கொடுத்தார். பேச்சி கார்த்திகையில் விமானம் ஏறினாள்.

முதல் பனி விழுந்த அன்று அவளிடமிருந்து போன். "யக்கா, இன்னைக்கித் தள்ளல. வண்டிய மேலயும் கீழயும் ஓட்டி நல்லா மிதிச்சு வச்சிருக்கேன். மொழுகுன தரை மாதிரி உறைஞ்சிருச்சு. இனிமே கல்லு எங்க எந்திரிக்கிறது?" அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தது. அதற்கப்புறம் பனி விழும்போதெல்லாம் போட்டோ வரும். சேலைக்கு மேல் மருமகனின் பெரிய கோட்டு, காதை மூடிய குல்லா, அதற்குக் கீழே மூக்குத்தி மட்டும் மின்னும். ஓரத்துக் குவியல்கள் தை மாதத்தில் ஆள் உயரம் ஆகிவிட்டன. ஆனால் பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றன.

பொங்கல் கழிந்த வாரம் தமிழரசிக்கு வலி கண்டது. அங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். முந்தின சாயங்காலத்திலிருந்து நிற்காத பனி. கதவைத் திறந்தால் படிக்கட்டே காணோம். பிறகு தமிழரசி சொன்னதிலிருந்துதான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு போய் டிராக்டரைக் கிளப்பினாளாம். சரவணன் காரில் தமிழரசியை ஏற்றிக்கொண்டார். பேச்சி முன்னால், கார் பின்னால். விழுந்துகொண்டிருந்த பனியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. சரவணன் நட்டிருந்த குச்சிகளின் நுனி மட்டும் இருபுறமும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பேச்சி ஓட்டினாள். பிளேடு உமியைச் சுருட்டியது போலவே பனியைச் சுருட்டி ஓரத்தில் போட்டது. தமிழரசி வலியில் முனகும்போதெல்லாம், முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ரோட்டுக்கு வந்ததும் பேச்சி டிராக்டரை ஒதுக்கி நிறுத்தினாள். கார் அவளைக் கடந்து போனது. கண்ணாடி வழியாக மகளைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினாள்.

எங்களுக்கு அன்று சாயங்காலம், கடை சாத்தும் நேரம். சிக்கந்தர் பாய் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. பேச்சி. எடுத்ததும் முதலில் கேட்டது என்ஜின் சத்தம்தான். நான் போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தேன்.

"யக்கா! பேத்தி பொறந்துருச்சு! ரெண்டு பேரும் நல்லா இருக்காகளாம். மாப்ள இப்பத்தான் சொன்னாரு!"

கடைக்குள் ஒரே கூச்சல். பாய் டீ டம்ளரைக் கீழே வைக்க மறந்து, அதோடேயே இரண்டு கையையும் விரித்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

"கருப்பையா அண்ணன்கிட்டச் சொல்லிட்டியா பேச்சி?"

"சொல்லிட்டேன் யக்கா. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. அழுதுட்டாரு."

"நீ எங்க இருக்க? ஆஸ்பத்திரியிலயா? என்ன வண்டிச் சத்தம் கேக்குது?"

"நான் எங்க யக்கா ஆஸ்பத்திரிக்குப் போறது? ராத்திரி ஏறுனவ இன்னும் எறங்கல. தள்ளத் தள்ள விழுந்துக்கிட்டே இருக்கு. எம்புட்டு விழுந்தா என்ன, பிள்ளைய வச்சுக்கிட்டு அவுக திரும்பி வரணும்ல? பாதை தொறந்து கெடக்கணும். சரி, வைக்கிறேன், திருப்பம் வருது."

ஆனால் அவள் வைக்கவில்லை. அணைக்க மறந்து, அப்படியே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. கியர் மாறுவது கேட்டது. பிளேடு இறங்குவது கேட்டது. நாங்களும் யாரும் போனைத் தொடவில்லை. சிம்மக்கல் கடையில் டவுன் பஸ் ஹார்ன்களுக்கு நடுவே மேசையைச் சுற்றி நின்று, கனடாவில் ஒரு டிராக்டர் பனியைத் தள்ளிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த என்ஜின் சத்தத்துக்கு மேலே, கணீரென்று குலவைச் சத்தம் எழுந்தது. பக்கத்தில் சேர்ந்து குலவை போட ஒரு பெண்பிள்ளை இல்லாத அந்த வெள்ளை வெளியில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பேத்திக்காகப் பேச்சி தன்னந்தனியாகக் குலவையிட்டாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் குலவை போடும் வழக்கம் கிடையாது. எனக்கு நாக்கைச் சுழற்றவும் தெரியாது. ஆனாலும் வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, எனக்கு வந்த மாதிரி நானும் போட்டேன்.